நாய் இருந்தால் வேட்டை சுலபமா? வட மினசோட்டா கிரவுஸ் காடுகளைப் பற்றி

போன இழையில் ஒரு நண்பர் எழுதியிருந்தார்: “நாயை ஏவிப் பறவையைத் துரத்தவிட்டு, அது களைத்ததும் சுடுகிறீர்கள். முக்கால்வாசி வேலையை நாயே முடித்துவிடுகிறது. இதில் மனிதனுக்கு என்ன இருக்கிறது?” அங்கே பதில் எழுதினால் மற்ற பேச்சில் அமுங்கிவிடும். அதனால் தனி இழை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிரவுஸ் என்னும் காட்டுப்பறவையை நாயோடு வேட்டையாடுவது பற்றி. சீசன் முடியும்வரை அவ்வப்போது இதிலேயே தொடர்கிறேன்.

செப்டம்பர் 16

துரத்துவது என்ற பேச்சே கிடையாது. நாய் துரத்திவிட்டால் அந்தப் பறவை அன்றைக்கு நமக்கில்லை.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் நாய்கள் முயலைக் கண்ணால் கண்டு, ஓடி, வாயால் பிடிப்பவை. நண்பர் மனதில் இருப்பது அந்தக் காட்சி என்று நினைக்கிறேன். என்னோடு காட்டுக்கு வரும் நாயின் பெயர் செவலை. இங்கிலீஷ் செட்டர் இனம், வெள்ளை உடம்பில் செம்மண் நிறம் தெளித்த பெட்டை. முக்கால்வாசி நேரம் அவள் பறவையைப் பார்ப்பதே இல்லை. காற்றில் வரும் வாடையைப் பிடிக்கிறாள், நெருங்குகிறாள், இதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் பறவை எழும்பிவிடும் என்று அவளுக்குத் தோன்றும் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறாள். இதைத்தான் பாயிண்ட் என்கிறோம். வால் நிமிர்ந்து, உடம்பு முழுக்க விறைத்து, சில நேரம் ஒரு முன்னங்கால் தூக்கியபடியே நிற்பாள். நான் போய்ச் சேரும்வரை அசையக் கூடாது.

இந்த இனம் உருவானதே இப்படி நிற்பதற்காகத்தான். பறக்கும் பறவையைச் சுடத் துப்பாக்கி பழகுவதற்கு முந்தைய காலத்தில், வாடை கண்ட நாய் தரையோடு பதுங்கிக்கொள்ளும். ஆட்கள் நாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி வலையை இழுத்துப் போட்டுப் பறவைகளைப் பிடிப்பார்கள். நாயிடம் வேண்டப்பட்ட குணம் வேகத்தோடு அடக்கமும்.

செவலையின் கழுத்தில் ஒரு பித்தளை மணி உண்டு. அடர்ந்த காட்டில் இருபது அடி தள்ளிப் போனாலே நாய் கண்ணுக்குத் தெரியாது. மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் தேடிக்கொண்டிருக்கிறாள். மணி நின்றுவிட்டால் எங்கேயோ நிற்கிறாள். கடைசியாகச் சத்தம் கேட்ட திக்கை நினைவில் வைத்து, கொப்புகளை ஒதுக்கி, முகத்தில் அடி வாங்கிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும், பறவை எழும்பி மரங்களுக்குப் பின்னால் மறைய இரண்டு விநாடி ஆகாது.

செப்டம்பர் 17

எந்தப் பறவை என்று கேட்டிருக்கிறார்கள். ரஃப்டு கிரவுஸ். கோழி வர்க்கம், எடை அரை கிலோவுக்குச் சற்று மேலே. காய்ந்த சருகின் நிறத்திலேயே இருக்கும், சாம்பல் வகையும் செம்பழுப்பு வகையும் உண்டு. வளர்ப்புப் பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விடுவது இல்லை. காட்டிலேயே பிறந்து, ஆந்தைக்கும் கோஷாக் பருந்துக்கும் தப்பித்துப் பிழைத்த பறவை. மினசோட்டாவில் செப்டம்பர் நடுவில் சீசன் தொடங்கிப் புத்தாண்டோடு முடிகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து வரை அனுமதி. ஐந்து கிடைக்கும் நாள் அபூர்வம்.

செப்டம்பர் 28

இலை இன்னும் உதிரவில்லை. ஆஸ்பென் மரம் மேலே மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது, கீழே ஹேஸல் புதர் இன்னும் பச்சை. இன்றைக்குப் பறவை எழும்பும் சத்தத்தைத்தான் அதிகம் கேட்டேன், பறவையை அல்ல. இந்த மாதத்தில் இப்படித்தான் இருக்கும். ஆனால் நாய்க்குப் பாடம் நடப்பதும் இதே மாதத்தில்தான்.

கேள்விக்கான என் உண்மையான பதிலை இன்று எழுதிவிடுகிறேன். கிரவுஸ் நாயை மனிதன் பழக்குவதில்லை. கிரவுஸ்தான் பழக்குகிறது. உட்கார், வா, நில் எல்லாம் நான் வீட்டு முற்றத்தில் சொல்லித்தரலாம். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை என்னால் சொல்லித்தரவே முடியாது. பழக்குவதற்கு வாங்கும் பண்ணைக் காடையோ, நாய் மூக்கில் இடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும். அதில் பழகிய நாய் காட்டுக்கு வந்தால் ஒவ்வொரு கிரவுஸையும் மிதித்துக் கிளப்பும். நாய் வருவது தெரிந்ததுமே கிரவுஸ் தரையில் நடக்கத் தொடங்கிவிடும். நெருக்கினால் பறக்கும். சில நேரம் நாய் பக்கமே திரும்பாமல் மரத்தின் மறுபக்கம் நழுவிவிடும். இப்படிப் பறவை பறவையாகத் தோற்றுத் தோற்றுத்தான் நாய் தன் எல்லையைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு மூன்று நான்கு சீசன் பிடிக்கும். அதுவரை உடன் நடப்பவனுக்குப் பொறுமை வேண்டும். நாய் தானாக மிதித்துக் கிளப்பிய பறவையைச் சுடவே கூடாது. சுட்டுவிட்டால், முட்டிக் கிளப்பினாலும் பலன் உண்டு என்று அது படித்துவிடும்.

செவலை முதல் சீசனில் காட்டையே காலி செய்துகொண்டு ஓடினாள். இன்று மதியம் ஓர் ஆல்டர் புதர் ஓரத்தில் நின்றாள். நான் நெருங்கியபோது நகர்ந்தாள், நின்றாள், இன்னொரு பத்தடி ஊர்ந்து மறுபடி நின்றாள். பறவை நடக்க, அதே தூரத்தை விடாமல் இவளும் பின்னால் போகிறாள். கடைசியில் நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னால், விழுந்த பைன் மரத்துக்கு அந்தப் பக்கம் எழும்பியது. துப்பாக்கியைத் தோளுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. அவள் செய்தது அவ்வளவும் சரி. அந்தச் சந்தோஷத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 29

“பறவை குறைந்துகொண்டே போகிறது, நீங்கள் சுட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்” என்று இன்னொருவர். நியாயமான கவலை, கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியானா மாநிலத்தைப் பாருங்கள். அங்கே 2015-இல் கிரவுஸ் வேட்டையை நிறுத்தினார்கள். 2020-இல் அந்தப் பறவையை மாநில அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். துப்பாக்கி ஓய்ந்த பிறகும் பறவை மீளவில்லை. காரணம் காடு. மரம் வெட்டுவதும் தீயும் குறைந்து, காடு முழுக்க ஒரே வயதில் முதிர்ந்துவிட்டது. கிரவுஸுக்கு இளங்காடு வேண்டும்.

இதைக் காட்டில் உட்கார்ந்து கற்றுச் சொன்னவர் கார்டன் கல்லியன். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் க்ளொகே வன ஆய்வு நிலையத்தில் 1950களின் கடைசியிலிருந்து பல பத்தாண்டுகள் இந்த ஒரு பறவையையும் ஆஸ்பென் மரத்தையும் தொடர்ந்து கவனித்தவர். ஆஸ்பென்னை வெட்டினால் வேரிலிருந்தே ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் முளைக்கும். முதல் சில ஆண்டு அந்த நெருக்கத்தில் தாயும் குஞ்சுகளும் ஒதுங்கும். பத்திலிருந்து இருபத்தைந்து வயதுக் காட்டில், மேலிருந்து பருந்து பாய முடியாதபடி தண்டுகள் நெருங்கி நிற்கும் இடத்தில், பெரிய பறவைகள் வாழும். குளிர்காலத்தில் அவை தின்பது முதிர்ந்த ஆண் ஆஸ்பென் மரத்தின் பூமொட்டுகளை. ஆக மூன்று வயதுக் காடும் நடந்து போகும் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். நான் வரைபடத்தில் தேடுவதும் இதைத்தான்: பழைய வெட்டும் புதிய வெட்டும் சந்திக்கும் ஓரங்கள்.

வடக்கே எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கவும் செய்யும், சுமாராகப் பத்தாண்டுக்கு ஒரு சுற்று. இங்கே 1949 முதல் வசந்தத்தில் ஆண் பறவையின் முழக்கத்தை எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். 2009-இல் ஓர் உச்சம், 2017-இல் ஓர் உச்சம்.

அந்த முழக்கத்தைக் கேட்காதவர்களுக்கு: ஆண் பறவை விழுந்துகிடக்கும் மரத்தின் மேல் ஏறி நின்று சிறகால் காற்றை அடிக்கும். கிணற்றடி டீசல் இன்ஜின் முதலில் தட்டித் தட்டி, பிறகு ஓட்டம் பிடிக்குமே, அப்படி இருக்கும். காதில் கேட்பதைவிட நெஞ்சில் உணர்வது அதிகம், அவ்வளவு கீழ்ஸ்தாயி. இலையுதிர்காலத்திலும் எப்போதாவது முழக்கும். செவலை அந்தச் சத்தத்துக்குக் காதை மட்டும் உயர்த்துவாள், போக மாட்டாள். மூக்கில் வராத எதையும் அவள் நம்புவதில்லை.

அக்டோபர் 3

“அப்படியானால் காட்டை வெட்டுவது நல்லது என்கிறீர்களா?”

கிரவுஸுக்கு நல்லது. எல்லா உயிருக்கும் அல்ல. போன குறிப்பை எழுதிய பிறகு எனக்கே இது உறுத்திக்கொண்டிருந்தது.

சிப்பெவா தேசிய வனத்தில் ‘லாஸ்ட் ஃபார்ட்டி’ என்று ஓர் இடம் உண்டு. 1882-இல் நில அளவைக்காரர்கள் அந்தத் துண்டை ஏரி என்று தவறாகக் குறித்துவிட்டார்கள். ஏரியில் மரம் ஏது? வெட்டுக் கம்பெனிகள் வரவில்லை. சுற்றிலும் இருந்த பெரும் பைன் காடுகள் போய்விட்டன, இது மட்டும் தப்பித்தது. முந்நூறு வயதைத் தாண்டிய செம்பைன்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே கிரவுஸைத் தேடிப் போவதில் பலன் குறைவு, கீழே புதரே இல்லை. அதற்காக அதை வெட்டு என்று எந்த வேட்டைக்காரன் சொன்னாலும் அவனோடு நான் காட்டுக்குப் போக மாட்டேன். பழங்காட்டை நம்பி வாழும் உயிர்களும் இருக்கின்றன. நான் கேட்பது, ஏற்கெனவே வெட்டி வளர்க்கும் ஆஸ்பென் நிலத்தை எல்லா வயதிலும் இருக்கும்படி சுற்றுமுறையில் வெட்ட வேண்டும் என்பது மட்டும்.

இன்னொன்று. இந்த வனத்தின் ஒரு பெரிய பகுதி லீச் லேக் ஓஜிப்வே பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தோடு பின்னிக் கிடக்கிறது. எது பொது நிலம், எது பழங்குடி நிலம், எது தனியார் நிலம் என்று பார்க்காமல் நாயை அவிழ்க்கக் கூடாது. நாய்க்கு எல்லை தெரியாது, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 5

சாலையோரத்தில் நிற்கும் பறவையை வண்டியிலிருந்து இறங்கிச் சுடுகிறார்களே, அது சரியா என்று தனிமடலில் கேள்வி. காலையும் மாலையும் கிரவுஸ் சரளைப் பாதைக்கு வரும், க்ளோவர் இலை தின்னவும் இரைப்பையில் அரைக்கச் சிறு கல் பொறுக்கவும். அப்படிச் சுட்டு இரவு உணவுக்கு எடுத்துப்போகும் வழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு. அந்த ஆட்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாயோடு போகும்போது தரையில் இருக்கும் பறவையைச் சுடுவதே இல்லை. துப்பாக்கியின் வாய் தாழ்கிற உயரத்தில்தான் நாய் இருக்கிறது.

ஸ்ப்ரூஸ் கிரவுஸ் என்று இன்னொன்றும் உண்டு, ஆளைப் பார்த்தும் கொப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். மினசோட்டாவில் அதைச் சுடலாம், அந்த ஐந்துக்குள்ளேயே கணக்கு. எல்லை தாண்டி விஸ்கான்சினுக்குப் போனால் அது பாதுகாக்கப்பட்ட பறவை, தொடக் கூடாது. வாலைப் பாருங்கள்: ரஃப்டு கிரவுஸுக்கு நுனியை ஒட்டிக் கருப்புப் பட்டை, ஸ்ப்ரூஸுக்கு வால் கருத்து நுனி துருநிறம்.

அக்டோபர் 12

உட்காக் என்னும் வலசைப் பறவை வந்துவிட்டது. இலை கொட்டிவிட்டது, டாமரக் மரம் பொன்னாகியிருக்கிறது, இரவில் வடகாற்று. நேற்றுவரை வெறும் ஈரமண்ணாக இருந்த ஆல்டர் பள்ளத்தில் இன்று வெள்ளை எச்சம் சிதறிக் கிடக்கிறது. உள்ளான் வகைப் பறவை, உள்ளங்கையில் அடங்கும், நீண்ட அலகு. அந்த அலகின் நுனி மட்டும் தனியாகத் திறக்கும், மண்ணுக்குள்ளேயே புழுவைப் பிடித்துவிடும். கண் தலையின் பின்பக்கமாகத் தள்ளி இருப்பதால் குனிந்து மண்ணைக் குத்தும்போதும் சுற்றிலும் பார்க்கும்.

இளம் நாய்க்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. கிரவுஸ் ஓடும், உட்காக் உட்காரும். நாய் நிற்க, நாம் போய்ச் சேர நேரம் கிடைக்கும். ஒரே நாளில் நாய்க்குப் பல பாயிண்ட் கிடைத்துவிடும். வலசைப் பறவை என்பதால் சட்டம் மத்திய அரசுடையது: 45 நாள் சீசன், ஒரு நாளைக்கு மூன்று. நான் மூன்றுவரை போவதில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதி நேரம் செவலை நிற்க, பறவையை எழுப்பிப் பார்த்து அனுப்பிவிடுவோம். கிழக்கு அமெரிக்கா நெடுகிலும் இந்தப் பறவை 1960களிலிருந்து மெல்லக் குறைந்துவருகிறது. அதுவும் இளங்காட்டை நம்பிய பறவைதான்.

அக்டோபர் 13

செவலை உட்காக்கை வாயால் தொட மாட்டாள். விழுந்த இடத்தைக் காட்டிவிட்டு, நீயே எடுத்துக்கொள் என்று விலகி நிற்பாள். இது அவளுக்கு மட்டும் உள்ள கிறுக்கு இல்லை, பல நல்ல நாய்களும் இப்படித்தான். கிரவுஸ் என்றால் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள்.

அக்டோபர் 20

ஆபத்துகளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். நேற்று மாலை நடந்ததையே சொல்கிறேன்.

இருட்டப்போகும் நேரம். மணி நின்றது. போனேன். செவலை பாயிண்டில் இல்லை, முன்னங்காலால் முகத்தை வழித்துக்கொண்டிருந்தாள். முள்ளம்பன்றி. உதட்டிலும் நாக்கடியிலும் முள். அந்த முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு, விட்டால் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வெட்டினால் எளிதாக வரும் என்று ஊரில் சொல்வார்கள், செய்யாதீர்கள், முள் உடைந்து சிக்கலாகும். குறடால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வெளியே இருந்ததை எடுத்தேன். வாய்க்குள் இருந்ததற்கு மயக்கம் கொடுக்க வேண்டும் என்று இரவோடு இரவாக மருத்துவரிடம் போனோம். இன்று கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

முள்ளம்பன்றியைவிட எனக்குப் பெரிய பயம் பொறி. ஃபர் விலங்குகளுக்காக வைக்கும் கழுத்தை நெரிக்கும் இரும்புப் பொறியில் நாய் சிக்கினால் சில நிமிடம்தான். வெறுங்கையால் அந்த ஸ்பிரிங்கை அமுக்க முடியாது. ஒரு கயிற்றை ஸ்பிரிங்கின் இரு வளையத்திலும் கோத்து, காலால் மிதித்துக்கொண்டு இழுத்து அமுக்க வேண்டும். காட்டுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பழைய பொறியை வாங்கிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டும் திறக்கப் பழகுங்கள். கயிறு எப்போதும் பையில் இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து பிளாஸ்டோ என்னும் பூஞ்சை. ஆற்றோர ஈரமண்ணிலும் மக்கிய மரத்திலும் வாழ்கிறது, நாய் மோந்து மோந்து உள்ளிழுக்கும். இருமல், காய்ச்சல், கண் கலங்கல், ஆறாத புண் என்றால் தாமதிக்காதீர்கள். வடக்குக் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள், தெற்கே இருக்கும் மருத்துவருக்கு முதலில் அது தோன்றாமல் போகலாம். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து. ஓநாய் இந்த மாநிலத்தில் 2,500-க்கு மேல் உண்டு. அதன் தடம் புதிதாகத் தெரிந்தால் நான் வேறு இடத்துக்குப் போய்விடுவேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 21

முதல் குறிப்பில் மணியை மட்டும் சொன்னேன். ஜிபிஎஸ் பட்டையும் கட்டுகிறேன். எனக்கு மணிதான் பிடிக்கும், காது காட்டிலேயே இருக்கும், கண் திரையில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் பலத்த காற்றில் மணி கேட்காது, முள் ஏறிய நாய் இருட்டில் எந்தப் பக்கம் ஓடும் என்றும் சொல்ல முடியாது. புதிதாக நாய் வாங்குகிறவர்கள் துப்பாக்கிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் ஜிபிஎஸ் பட்டையை வாங்குங்கள்.

நவம்பர் 4

மான் சீசன் வருகிறது. ரைஃபிளோடு ஊரே காட்டில் இருக்கும். ஆரஞ்சு உடுப்பு போட்டாலும் அந்த நாட்களில் வெள்ளை நாயை ஓடவிட எனக்கு மனம் வராது. சில வாரம் ஓய்வு.

இடைவேளையில் முதல் நண்பருக்கு ஒரு சேதி. அக்டோபர் கடைசியில் சுட்ட ஒரு பறவை சிறகு ஒடிந்து விழுந்தது. விழுந்த இடத்தில் இறகு மட்டும் இருந்தது, பறவை இல்லை. தனியாக இருந்திருந்தால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன், அது அன்றிரவு எங்கேயோ கிடந்து செத்திருக்கும். செவலை மூக்கைத் தரையில் வைத்து வெகுதூரம் போய், ஒரு மரத்தின் பொந்துக்குள் தலையை விட்டு, உயிரோடு எடுத்துவந்தாள். நாயில்லாமல் இந்தக் காட்டில் பறவையைச் சுடக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் முதல் காரணம். சுலபம், கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிசம்பர் 8

முழங்கால் அளவு பனி. கிரவுஸின் விரல் ஓரங்களில் இப்போது சீப்புப் பல் மாதிரி முளைத்திருக்கும். பனியில் புதையாமல் நடக்க உதவும், வசந்தத்தில் உதிர்ந்துவிடும். இரவில் பறந்துவந்து மெத்தென்ற பனிக்குள் அப்படியே பாய்ந்து புதைந்துகொள்ளும். வெளியே மைனஸ் 30 என்றாலும் உள்ளே அந்தக் கடுமை இல்லை. பனியில் தடமே இல்லாத இடத்தில் செவலை நின்றாள், நான் நம்பவில்லை, காலடியில் பனி வெடித்துப் பறவை கிளம்பியது.

இதைக் கட்டாயம் செய்யுங்கள்: பறவையைச் சுத்தம் செய்யும்போது கழுத்தடி இரைப்பையைத் திறந்து பாருங்கள். செப்டம்பரில் க்ளோவர் இலை, அக்டோபரில் டாக்வுட் பழம், ஹேஸல் மொட்டு, இப்போது முழுக்க ஆஸ்பென் மொட்டு. நாளை எங்கே தேட வேண்டும் என்பது அதற்குள் எழுதியிருக்கிறது.

சமையல் கேட்டவர்களுக்கு: நெஞ்சுக்கறி வெளிர், கொழுப்பே இல்லை, கொஞ்சம் கூட வெந்தால் நார். நெய்யில் மிளகும் சீரகமும் பொரியவிட்டு, துண்டுகளை இரண்டு மூன்று நிமிடம் புரட்டி இறக்கிவிடுங்கள். காலையும் எலும்பையும் மிளகு ரசத்துக்குப் போடலாம். உட்காக் தலைகீழ்: நெஞ்சு கருப்பு, கால் வெளுப்பு. ஈரல் வாசம் பிடிக்காதவர்கள் அதைச் சுடவே வேண்டாம்.

ஜனவரி 3

சீசன் முடிந்தது. குட்டி வாங்கலாமா, எப்போது தொடங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

தாயும் தகப்பனும் காட்டுக் கிரவுஸ் மேல் வேலை செய்வதை நேரில் பார்த்த பிறகே வாங்குங்கள். கோப்பையும் சான்றிதழும் போதாது. முதல் ஆண்டு துப்பாக்கிச் சத்தத்தை மெல்ல மெல்ல, சோறு வைக்கும் நேரத்தில் தூரத்திலிருந்து பழக்குங்கள். அவசரப்பட்டால் ஆயுளுக்கும் பயந்துவிடும். 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் லைசென்ஸ் வாங்கத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதற்கு இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். வசந்தத்தில் திரும்பிவரும் உட்காக் மேல் குட்டியைப் பழக்க ஆசை வரும். ஏப்ரல் 16 முதல் ஜூலை 14 வரை பொது நிலத்தில் நாய் பழக்கத் தடை, பறவைகள் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் காலம். ஆகவே பனி உருகிய நாளுக்கும் ஏப்ரல் 15-க்கும் நடுவில் கிடைக்கும் கொஞ்ச நாளில் ஆல்டர் ஓரங்களுக்குக் கூட்டிப்போங்கள், பதினைந்தாம் தேதியோடு நிறுத்திவிடுங்கள்.